போதும் என்று யாரிடம் சொல்வது?

நூலும் நாடகமும் ஓவியமுமே திறனாய்வுக்கு உரியவை என்று கொள்வது நம் வழக்கம். ஆயின் ஒரு சமூகம் எவ்வாறு உண்கிறது, யாரோடு உண்கிறது, யார் கையால் வாங்கி உண்கிறது என்பனவும் வாசிக்கத்தக்க ஏடுகளே. பந்தியில் அமர்ந்து பார்த்தால் ஊரின் குணம் தெரிந்துவிடும் என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த எண்ணத்தோடு இத்திங்கள் நூலொன்றை விடுத்து, உணவு மேசையொன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் புனித வாரத்தை ஒட்டி மறையுரை ஆற்றச் சிங்கப்பூர் சென்றிருந்தோம். அங்கு ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே 1888-இல் எழுப்பப்பட்டது. உயிர்ப்பின் எண்கிழமை வெள்ளியன்று, திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, “தோத்திரம் சாமி” என்றொரு பழகிய குரல் கேட்டது. செம்மங்குப்பத்திலிருந்து கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்கு வந்து, மனைவி மக்களோடு அங்கேயே தங்கிவிட்ட நம் பழைய பங்கு மகன் ஒருவர். “தவக்காலம் முடிஞ்சிடுச்சு சாமி, இன்னைக்கு நம்மகூட வந்து சாப்பிட்டே ஆகணும்” என்று பிள்ளைகள் இருவரும் கையைப் பிடித்து இழுத்தனர். அவ்வாறுதான் அந்த ஜப்பானிய உணவகத்தில் போய் அமர்ந்தோம்.

நீண்ட மேசை ஒன்று. அதன் நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஒரு பட்டை. அதன்மீது சிறு சிறு தட்டுகள் ஊர்ந்து வருகின்றன. தட்டுக்கு இரண்டு உருண்டை: புளிக்காடியும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த சோறு, அதன்மேல் ஒரு துண்டுப் பச்சை மீன். இதனைச் சுஷி என்பர். வேண்டிய தட்டை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததைப் போகவிடலாம். தலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே பணம் கட்டியாயிற்று. அதன்பின் ஒன்றரை மணி நேரம் வயிறு கொள்ளும் மட்டும் உண்ணலாம். எடுத்ததை மிச்சம் வைத்தால் மட்டும் தனியே அபராதம். இளையவன் நம் முழங்கையை இடித்து, “எடுங்க சாமி, விட்டா போயிடும்” என்றான். போனது மீண்டும் சுற்றி வரும் என்பதை அவனும் அறிவான். எனினும் அவன் குரலில் இருந்த பதற்றம் பொய்யன்று. அந்தப் பதற்றத்தை அந்த மேசையே கற்றுக்கொடுக்கிறது என்பது நமக்குப் பின்னர்தான் விளங்கியது.

இப்பட்டையின் வரலாறு சுவையானது. யோஷியாக்கி ஷிராய்ஷி என்பவர் ஒசாகாவை அடுத்த பகுதியில் சிறியதொரு சுஷிக் கடை நடத்தி வந்தார். கூலியாள் கிடைப்பது அரிதாயிருந்த காலம் அது. பீர் ஆலை ஒன்றில் புட்டிகள் ஓடும் பட்டையில் வரிசையாகச் செல்வதைக் கண்ட அவருக்கு, தட்டுகளையும் அவ்வாறே ஓடவிட்டால் என்ன என்று தோன்றியது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1958-இல் அத்தகைய முதல் உணவகத்தைத் திறந்தார். 1970-இல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சி அதனைப் புகழ்பெறச் செய்தது. பட்டை எவ்வளவு விரைவாக ஓட வேண்டும் என்பதையும் அவர் சோதித்தே முடிவு செய்தார்: நொடிக்கு 8 சென்டிமீட்டர். மெதுவாக ஓடினால் உண்போர் பொறுமை இழப்பர். விரைந்தால் அமைதி இழப்பர். நம் ஊர்ச் சப்பரப் பவனிகூட அதைவிடச் சற்று விரைந்தே நகரும்!

தட்டுகளிடையே மாவில் தோய்த்துப் பொரித்த இறாலும் வந்தது. அதன் பெயர் தெம்புரா. 1549 ஆகஸ்டு 15 அன்று காகோஷிமாவில் கரையிறங்கிய புனித சவேரியார், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் கால் தேய நடந்தவர். அவர் திறந்த வழியில் சென்ற போர்த்துக்கீசிய மறைபோதகர், திருச்சபை ஆண்டுக்கு நான்கு முறை விதித்திருந்த ஒறுத்தல் நாள்களில் இறைச்சியைத் தவிர்த்து மீனையும் காய்கறியையும் பொரித்து உண்டனர் என்றும், அந்நாள்களின் இலத்தீன் பெயரே தெம்புரா என்று திரிந்தது என்றும் பலர் கூறுவர். அது மெய்யாயின், நோன்பின் உணவு அளவற்ற விருந்தின் தட்டில் ஏறி நம்முன் சுற்றி வந்தது எனலாம். சிரிப்பதா, சிந்திப்பதா என்று தெரியாமல் அதனை எடுத்துக்கொண்டோம். சுவையாகத்தான் இருந்தது.

திறனாய்வாளன் குறை கூறுமுன் நிறை கூறக் கடமைப்பட்டவன். அப்பட்டையின் முதல் நிறை, எட்டாததை எட்டச் செய்தமை. தேர்ந்த சமையற்காரர் முன் அமர்ந்து பெரும்பணம் கொடுத்து உண்ணும் உணவாக இருந்ததை, ஷிராய்ஷி ஆலைத் தொழிலாளியின் கைக்குக் கொண்டு வந்தார். இரண்டாவது நிறை இன்னும் பெரிது. அந்தப் பட்டைக்கு முகம் தெரியாது. முதலாளி முன்னும், கப்பல் தளத்துத் தொழிலாளி முன்னும், அவர் பிள்ளைகள் முன்னும் அதே தட்டு அதே விரைவில் செல்கிறது. மதிப்புக்குரியவர் என்று எவரிடமும் அது சற்று நிற்பதில்லை; எளியவர் என்று எவரையும் தாண்டி ஓடுவதும் இல்லை. கொரிந்து நகரத் திருச்சபைக்குப் பவுல் அடிகளார் எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொண்டோம். ஆண்டவரின் பெயரால் கூடிய பந்தியிலேயே வசதியுள்ளோர் முந்திக்கொண்டு வயிறார உண்ண, இல்லாதோர் பசித்துக் கிடந்தனரே என்று அவர் மனம் கொதித்ததை அங்கே காண்கிறோம். அந்தப் பட்டை கொரிந்தில் இருந்திருந்தால், அத்திருமுகத்தின் ஒரு பகுதியேனும் தேவைப்பட்டிராது!

இனிக் குறைக்கு வருவோம். முதற்குறை, ‘அளவில்லை’ என்னும் சொல். பெருந்தீனியை வெறும் வயிற்றளவால் அளக்கக் கூடாது என்று நம் குருமடத்தில் கற்றோம். பெரிய கிரகோரியாரைப் பின்பற்றிப் புனித தாமஸ் அக்குவினார் அதனை ஐந்து வகையாகப் பிரித்தார்: வேளைக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே நாடுவது, மிகுதியாக உண்பது, ஆவலோடு பறந்து உண்பது, பக்குவத்தில் அளவு மீறிய நுணுக்கம் தேடுவது. ஒன்றரை மணி நேரத்தில் இந்த ஐந்தையும் நம்முள்ளேயே கண்டோம் என்பதை ஒளிக்காமல் கூறுகிறோம். சால்மன் மீன் வரும் வரை வெள்ளரித் தட்டுகளைப் புறக்கணித்தோம். வந்ததும் பசியில்லாமலே எடுத்தோம். ‘கட்டிய காசுக்கு’ என்றொரு கணக்கு நம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பசி எப்போதோ எழுந்து சென்றுவிட்டது; அதன் நாற்காலியில் கணக்கு வந்து அமர்ந்திருந்தது. உணவைப் பற்றிய அடுத்த ஏற்பாட்டைப் பசியில்லாத வேளையில் செய்க என்று புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் அறிவுறுத்துகிறார். வாயிலிலேயே முழுப்பணத்தையும் பசித்தவனிடம் வாங்கிக்கொள்ளும் அந்த வணிகமோ, அவ்வறிவுரையை நேர் எதிராகக் கற்றுவைத்திருக்கிறது!

விவிலியம் அளவற்ற உணவை அறியாததன்று. பாலை நிலத்தில் மன்னா பொழிந்தபோது ஒவ்வொருவரும் தாம் உண்ணும் அளவுக்குத் திரட்டினர்; மிகுதியாகத் திரட்டியவர்க்கு மிஞ்சவும் இல்லை, குறைவாகத் திரட்டியவர்க்குக் குறையவும் இல்லை. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. கொடையாய் வருவதற்கு எல்லையில்லை, பெறுபவனுக்கு எல்லை உண்டு என்பதே அந்நிகழ்ச்சியின் பாடம். எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரமோ மறுபக்கத்தைக் காட்டுகிறது. எகிப்தில் விலையின்றி உண்ட மீனை நினைத்து அழுத மக்கள், காடைகள் வந்து குவிந்ததும் பகலும் இரவும் வாரிக் குவித்தனர். அவ்விடத்துக்குப் ‘பேராசைக் கல்லறைகள்’ என்னும் பொருளுடைய பெயர் வந்தது. அடிமைத்தனத்தின் மீன் அவர்கள் நினைவில் இலவசமாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். இலவசம் என்றும் அளவில்லை என்றும் எழுதிய பலகைகளுக்குப் பின்னால் விலை கொடுப்பவர் யாரோ ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

இங்கே விலை கொடுப்பது கடல். நம் வங்கக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. கடலூர் துறைமுகத்தில் படகுகள் அணிவகுத்து நிற்க, வலைகளைச் செப்பனிட்டபடி மீனவர் கடன்பட்டுக் காலம் கழிக்கின்றனர். மீன் குஞ்சு பொரித்துப் பெருகக் கடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்காக அரசு விதித்த தடை அது. ‘போதும்’ என்று கடல் சொல்லும் நாள்கள் அவை என நமக்குத் தோன்றும். சிங்கப்பூரில் நாம் அமர்ந்திருந்த நாளும் அதே ஏப்ரலின் பின்பகுதியே. செம்மங்குப்பத்திலிருந்து வந்த அந்த நண்பர், “இப்ப நம்மூர்ல தடைக்காலம் சாமி, மீன் வெலை ஏறியிருக்கும்” என்று இயல்பாகச் சொன்னார். எங்கள் எதிரே பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தடைக்காலம் இல்லை.

மிச்சம் வைத்தால் அபராதம் என்பதைச் சிலர் நிறையாகக் கருதக் கூடும். 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டுள்ளது. எறியப்படும் உணவை ஏழையின் மேசையிலிருந்து திருடப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்னும் கருத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் வற்புறுத்தினார். ஆகவே வீணாக்காதே என்னும் விதி நல்லதே. ஆயினும் எங்கள் மேசையில் நடந்தது வேறு. மூத்தவளின் தட்டில் இரண்டு உருண்டைகள் எஞ்சின. அவளால் இயலவில்லை. அபராதத்துக்கு அஞ்சித் தாய் ஒன்றையும் தந்தை ஒன்றையும் விழுங்கினர். வீணாகவில்லை என்று கடைக்காரர் மகிழலாம். ஆயின் பசியாத வயிற்றில் திணிக்கப்பட்ட சோறு வீணாகவில்லை என்று யார் சொல்வது? அப்பம் பலுகிய நாளில் எஞ்சிய துண்டுகளைப் பன்னிரண்டு கூடைகளில் சேர்க்கச் செய்த ஆண்டவர், எவர் வாயிலும் அவற்றைத் திணிக்கவில்லை.

இரண்டாம் குறையே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. நம் நாட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர் வாளியும் கரண்டியுமாக வருவார். நாம் இலைக்குமேல் கையைக் கவிழ்த்து “போதும்” என்போம். “இன்னும் கொஞ்சம்” என்பார் அவர். “போதுங்க” என்று மீண்டும் சொல்வோம். அவர் சிரித்து நகர்வார். இச்சிறு வழக்காட்டில் இரண்டு மனிதர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்கின்றனர். போதும் என்பது வயிற்றின் அறிக்கை மட்டுமன்று. நன்றியின் சொல்லும் ஆகும். கொடுத்தவரின் முகத்தைப் பார்த்தே அதனைச் சொல்ல முடியும். ஓடும் பட்டையிடம் யார் போதும் என்று சொல்வது? சொன்னாலும் அது கேட்குமா? நாம் கை கழுவி எழுந்த பின்னும் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அங்கே உணவு முடிவதில்லை, நேரம்தான் முடிகிறது.

முகம் மறைந்த இடத்தில் நம்பிக்கையும் மெலியும். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானில், இத்தகைய கடையொன்றில் இளைஞர் ஒருவர் பொதுவில் வைத்திருந்த சோயா சாறுப் புட்டியை நக்கும் காட்சி எங்கும் பரவியது. நாடே அதிர்ந்தது. அதனையொட்டிச் சில நிறுவனங்கள் தட்டுகளைப் பொதுவாக ஓடவிடுவதை நிறுத்தி, கேட்டவர்க்கு மட்டும் அனுப்பும் முறைக்கு மாறின. ஒருவரை ஒருவர் அறியாதோர் பகிர்ந்துகொள்ளும் மேசை, ஒரேயொரு விளையாட்டுத்தனத்தைக்கூடத் தாங்கும் வலிமையற்றதாயிருந்தது.

கொடுக்கும் கை எவ்வளவு முதன்மையானது என்பதை நமக்குக் கற்பித்தவர் ஒரு மீனவ மூதாட்டி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த நாள்களில் நாம் இளங்குருவாக நிவாரணப் பணியில் இருந்தோம். எங்கிருந்தோ வந்த ஒரு லாரியின் மேல் நின்றவர்கள் சோற்றுப் பொட்டலங்களைக் கூட்டத்தை நோக்கி எறிந்தனர். அவர்கள் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஒரு பொட்டலம் அந்த மூதாட்டியின் காலடியில் விழுந்தது. இரண்டு நாள் உண்ணாதவர் அவர். அதனை எடுக்காமல் நிமிர்ந்து, “தூக்கிப் போடாதப்பா, கையில குடு” என்றார். நாம் அதனை எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தோம். பின்பே பிரித்தார். பசி வயிற்றில் மட்டும் இருப்பதில்லை என்பதை அன்று அறிந்தோம். சிங்கப்பூரின் பட்டை பொட்டலத்தை எறியவில்லை, மெதுவாகவே கொண்டு வந்தது. ஆயினும் கையில் கொடுக்கவில்லை.

இவ்வளவில் நிறுத்தினால் நம் பந்தியைப் புகழ்ந்து, அயலார் பட்டையை இகழ்ந்து, மகிழ்ச்சியோடு எழுதுகோலை வைத்துவிடலாம். மனச்சான்று விடவில்லை. நம் பந்திக்கு முகம் தெரியும், மெய்தான். முகம் தெரிந்ததாலேயே அது செய்த அநீதிகளையும் சொல்ல வேண்டாமா? தமிழகக் கோயில்கள் சிலவற்றில் சாதிகளைப் பிரிக்கச் சுவர்கள் நின்றன. வடக்கன்குளத்துச் சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. கோயிலுக்குள் இடிந்த சுவர் பந்தியில் எத்தனை காலம் நின்றது! நாம் முன்பு பணிபுரிந்த ஒரு பங்கில், திருவிழா அன்பு விருந்தின்போது முதற்பந்தியில் யார் அமர்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அனைவரும் அறிந்திருந்தனர். பெரிய மீன் துண்டுகள் முதற்பந்தியோடு தீர்ந்தன. தலித் தெருவிலிருந்து வந்த பிள்ளைகள் மூன்றாம் பந்திக்குக் காத்து, குழம்பை மட்டும் பெற்றுச் சென்றனர். நாமோ மேல்மாடியில், தனி மேசையில், தனித் தட்டில் உண்டுகொண்டிருந்தோம். சாளரம் திறந்திருந்தது. பார்த்தோம், இறங்கி வரவில்லை.

எனவே முகமற்ற பட்டையின் முன் நாம் நாணி அமர்ந்திருந்தோம் என்பதே மெய். சிங்கப்பூரில் நம்மை அழைத்துச் சென்ற அந்த நண்பர் ஒரு காலத்தில் அந்த மூன்றாம் பந்தியில் நின்ற சிறுவன். அவர் அதனை நினைவூட்டவில்லை. “இங்க யாரும் யாரையும் பாக்கறதில்ல சாமி, அதான் எனக்குப் புடிச்சிருக்கு” என்று மட்டும் சொன்னார். பரிமாறும் கையைப் பற்றி நாம் கட்டியெழுப்பிய திறனாய்வு முழுவதையும் அவ்வொரு வாக்கியம் அசைத்துவிட்டது. ஓரவஞ்சனை செய்யும் கையைவிட நடுநிலையான பொறி மேல் என்று ஒருவர் கருதினால், அவரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. அந்தப் பொறிக்கு அவரை அனுப்பியவர்கள் நாமே.

ஆயின் இவ்விரண்டைத் தவிர வேறு வழி இல்லையா? செம்மங்குப்பத்திலிருந்து மேற்கே சென்று குறிஞ்சிப்பாடியைக் கடந்தால் வடலூர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளார், 1867 மே 23 அன்று அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்படுகிறது. வருபவரின் சாதியும் சமயமும் அங்கே கேட்கப்படுவதில்லை; பசி ஒன்றே தகுதி. பட்டையின் நடுநிலை அங்கு உண்டு. ஆயின் கொடுப்பது கை, கேட்பது குரல், இலைமுன் குனிவது ஒரு மனிதர். முகம் பார்த்தும் ஓரவஞ்சனை செய்யாதிருப்பது இயலும் என்பதற்கு, 150 ஆண்டுகளுக்கு மேலாக எரியும் அந்த அடுப்பே சான்று. நம் மறைமாவட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கும் இச்சான்றைக் கிறிஸ்தவராகிய நாம் வணக்கத்தோடு கற்க வேண்டும்.

நமக்கும் ஒரு மேசை உண்டு. அங்கே கிடைப்பது மிகச் சிறிய ஓர் அப்பம். இரண்டாம் முறை கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அதனை ஒருவர் நம் முகம் பார்த்துக் கையில் தருகிறார்; நாம் ‘ஆமென்’ என்கிறோம். கொடுத்தவரைப் பார்த்துச் சொல்லும் ‘போதும்’ அதுவே. அந்த மேசையிலிருந்து எழுந்து, அடுத்த கொட்டகையில் மூன்று பந்தி வைப்போமாயின், நாம் உண்டது என்ன?

நாம் சிங்கப்பூரில் உண்ட நாளன்று காலைத் திருப்பலியில் வாசிக்கப்பட்டது யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாதிருந்த மீனவர்க்கு, உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தார். தாமே அப்பத்தை எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார்; மீனையும் அவ்வாறே. மறுதலித்த பேதுருவும் அந்த வட்டத்தில் இருந்தார். அவருக்கு மூன்றாம் பந்தி ஒதுக்கப்படவில்லை.

ஊர் திரும்பிய பின், கடலூர்–சிதம்பரம் சாலையில் செம்மங்குப்பத்தை அடுத்த ஒரு சிற்றுணவகத்தில் ஒருநாள் நண்பகல் உண்ண அமர்ந்தோம். பலகையில் ‘அளவில்லாச் சாப்பாடு’ என்று எழுதியிருந்தது. ஆலைத் தொழிலாளர் இருவர் நம் எதிரே அமர்ந்தனர். பரிமாறியவர் அவர்களுக்கு ஊற்றிய கரண்டியாலேயே நமக்கும் மீன்குழம்பு ஊற்றினார். மீண்டும் சோற்றுக் கூடையோடு வந்தபோது இலைமேல் கை கவிழ்த்து, அவரை நிமிர்ந்து பார்த்து, “போதும்” என்றோம். இவ்வாண்டு நம் பங்குத் திருவிழாவின் அன்பு விருந்தில் மேல்மாடி மேசை இராது. வாளியைத் தூக்க நாமும் கொட்டகைக்கு வருவோம். மீன் துண்டுகள் எண்ணி வைக்கப்படும். கடைசி இலை வரை.